லட்டுவின் தொண்டையும் என் வாய்க்கட்டும்

எனக்கு இதுவரை சாமி வந்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார், எங்கள் தெருவைத் தவிர. அங்கே சொன்னால், "சாமிக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்று காலில் விழுவார்கள். (விழுந்திருக்கிறார்கள்.)

திருத்தணியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பேசுவதுதான் பிழைப்பு. கடையை மூடினால் வீட்டில் பேசுவேன். தூக்கத்திலும் பேசுவதாக மனைவி ரேவதி சொல்கிறாள். அப்படிப்பட்டவன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, அம்மா முருகனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டாள். கால் கூடிவிட்டால் ஆடிக் கிருத்திகைக்கு நான் வாய் கட்டிக் காவடி எடுக்க வேண்டும்.

"ஒடஞ்சது காலு. எதுக்கு வாயக் கட்டணும்?" என்று கேட்டேன்.

"இப்டி எதுக்கெடுத்தாலும் கேட்டுகினு இருக்கியே, அதுக்குத்தான்" என்றாள் அம்மா.

வாய்க்கட்டு என்றால், மஞ்சள் துணியால் வாயை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மலைமேல் சன்னதியில் அவிழ்க்கும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. தோளில் இருக்கும் காவடியும் அதுவரை தரையில் படக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் வேண்டுதல் செல்லாது, அடுத்த ஆடிக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

லட்டு எங்கள் நாய். ரேவதி கனகம்மாசத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது பீரோ, கட்டிலோடு வந்து இறங்கியவன். நான் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த மாதங்களில், என் பேச்சுக்குப் பயந்து வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலையைச் சொல்லி நழுவினார்கள். லட்டு மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து போக நாலு கால் இருந்தும் அவன் போகவில்லை. அவன் இல்லாமல் அந்த நாட்களை நான் தாண்டியிருக்க மாட்டேன். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆடி மாதம் எங்கள் வீட்டில் நாய்க்கும் சைவம். அதனால் அக்கா புருஷன் பாவா, அம்பத்தூரிலிருந்து வரும்போது, பாலைக் காய்ச்சிக் கல் மாதிரி இறுகவைத்த ஒரு குச்சியை வாங்கி வந்திருந்தார். நாய் மெல்லுவதற்கென்றே விற்கிறார்களாம். "சுத்த சைவம் மச்சான்" என்றார். அம்மா முகர்ந்து பார்த்து அனுமதித்தாள். குச்சி தேய்ந்து சின்னதானதும் நாயிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் எந்தப் பொருளானாலும் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லும் நான், அதைக் கிருத்திகைக்கு மறுநாள்தான் படித்தேன்.

கிருத்திகைக் காலையில் வாயைக் கட்டி, புஷ்பக் காவடியைத் தூக்கி வைத்துப் புறப்பட்டோம். எனக்கு முன்னால் பம்பைக்காரர், பக்கத்தில் அம்மாவும் பாவாவும். வெகு பின்னால் பால்குடம் சுமந்த பெண்களோடு ரேவதி. வீட்டில் கட்டிப்போட்டிருந்த லட்டு, சங்கிலியை உருவிக்கொண்டு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். வாயில் கட்டைவிரல் அளவுக்கு மிச்சமிருந்த பால்குச்சி.

சரவணப் பொய்கையை நெருங்கும்போது கூட்டம் முட்டி நின்றது. பம்பைக்காரர் திடீரென்று அடியை வேகமாக்கினார். லட்டு திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான். வாயில் இருந்த குச்சியைக் காணோம்.

இருமுவான் என்று பார்த்தேன். இருமவில்லை. குரைக்கவில்லை. கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டினான். சத்தம் மட்டும் வரவே இல்லை. அவன் கண் என்னைத் தேடிப் பிடித்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் என் காவடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு நாய் மூச்சுவிட முடியாமல் நிற்பதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பேச முடியாதவனும் நான் ஒருவன்தான்.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கடையில் வேலை இல்லாத நேரத்தில் செல்போனில் பார்த்த வீடியோ. வாயைத் திறந்து பார்க்க வேண்டும். எடுக்க வரவில்லை என்றால் பின்னங்கால்களை உயர்த்தி, விலாவுக்குக் கீழே அழுத்த வேண்டும். பார்த்த அன்று கடைக்கு வந்த எல்லோரையும் நிறுத்தி வைத்து விளக்கினேன். (இரண்டு பேர் ரீசார்ஜ் செய்யாமலேயே போய்விட்டார்கள்.)

ஒரு கையால் காவடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லட்டுவைக் காட்டினேன். யாரும் திரும்பவில்லை. குதித்தேன். துணிக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று உறுமினேன்.

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "வந்துட்டியா நைனா. எங்க வூட்டுக்கும் வந்துட்டியா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டில் மாமியார், மருமகள் இரண்டு பேருக்கும் சாமி வரும். எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் வந்ததில்லை. அந்தக் குறை அம்மாவுக்கு எவ்வளவு பெரியது என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

பம்பைக்காரர் என் முகத்தருகே குனிந்தார். "வந்துகீறது யாரு? மலைமேல நிக்கறவரா? தலைய ஆட்டு சாமி."

இல்லை என்று ஆட்டினேன்.

"இல்லன்றாரு. அப்ப காவல் தெய்வமா?"

இல்லை, இல்லை என்று கழுத்து சுளுக்கும் அளவுக்கு ஆட்டினேன்.

"கோவமா கீறாரு. கற்பூரம் ஏத்துங்க" என்றார்.

யாரோ மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். நான் லட்டுவை நோக்கிப் பாய்ந்தேன். சாமி வந்தவன் விழுந்துவிடக் கூடாதென்று பாவா என் இடுப்பில் துண்டைப் போட்டு முறுக்கிப் பின்னால் இழுத்தார். நான் முன்னால் இழுக்க, அவர் பின்னால் இழுக்க, பார்த்தவர்களுக்கு அது அருமையான ஆட்டமாக இருந்திருக்கிறது. குலவை போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எனக்கும் லட்டுவுக்கும் நடுவில் வந்து நின்று கும்பிட்டார். "சாமி, எம் பொண்ணுக்கு வரன் தள்ளித் தள்ளிப் போவுது. ஒரு வார்த்தை சொல்லு சாமி."

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். லட்டுவின் பின்னங்கால்கள் மடங்கிவிட்டன. பக்கவாட்டில் சரிந்தான். நாக்கு நீலமாகிக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை பேசினால் அம்மாவின் வேண்டுதல் போச்சு. கூடிய காலை முருகன் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்றுகூடப் பயந்தேன். (சிரிக்காதீர்கள். மஞ்சள் தண்ணீர் சொட்ட நடுத்தெருவில் நின்று பாருங்கள்.) ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடந்து என் பேச்சைக் கேட்டவன் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தான். திரும்பிக் காவடியைப் பாவாவின் தோளில் ஏற்றினேன். அவர் துண்டை விட்டுவிட்டுக் காவடியைப் பிடித்தார். வாய்த்துணியைக் கீழே இழுத்துவிட்டு, அந்த அம்மாவைச் சுற்றி ஓடி லட்டுவின் முன்னால் விழுந்தேன்.

"வாயத் தொற" என்று கத்தினேன்.

தொண்டை கிழியக் கத்தினேன் போலிருக்கிறது. பம்பை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், சுற்றியிருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். பம்பைக்காரர் திறந்திருந்தார். காவடியோடு பாவா திறந்திருந்தார். ஆர்.கே.பேட்டை அம்மா கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார். சாமி திருநீறு போடப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

லட்டுவின் தாடையைப் பிரித்து விரலை விட்டேன். நுனியில் குச்சி தட்டுப்பட்டது. வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"பாவா, காலத் தூக்கு. சீக்கிரம் காலத் தூக்கு."

பாவா தூக்கினார், தன் காலை. அவரைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். வாயைத் திறந்து, ஒற்றைக்காலில் நின்று, கை கூப்பிய ஒரு கூட்டம் என்னைச் சுற்றி. அதற்கு நடுவில் என் நாய் செத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரேவதி வந்தாள். லட்டுவுக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் வீட்டில் நான் போடும் அதே சத்தம், வெகு பின்னால் வந்த அவளுக்கும் கேட்டிருக்கிறது. தலையிலிருந்த பால்குடத்தை, வாயைத் திறந்து நின்ற என் அம்மாவின் கையில் திணித்தாள்.

"லட்டுக்கு தொண்டையில அடச்சிகினு கீது. எல்லாம் இன்னாத்த வாயப் பொளந்துகினு நிக்கறீங்க" என்றவள், உட்கார்ந்து அவன் பின்னங்கால்கள் இரண்டையும் பிடித்து உயர்த்தினாள். நான் பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு, விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். அவன் உடம்பு துணிமூட்டை மாதிரி தொங்கியது. ரேவதி என்னைப் பார்க்காமல் "இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் உடைந்துவிட்டது.

"வந்துடுடா லட்டு" என்று அழுதுகொண்டே முழு பலத்தோடு அழுத்தினேன்.

களுக்கென்று ஒரு சத்தம். குச்சி தெறித்து விழுந்தது. லட்டு மூச்சை இழுத்தான். ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி அசிங்கமான சத்தம்தான். அதைவிட நல்ல சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். பிறகு என் கையில் வழிந்த மஞ்சள் தண்ணீரை நக்கினான். ரேவதி அவன் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

குச்சி போய் விழுந்த இடம் ஆர்.கே.பேட்டை அம்மாவின் காலடி. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அம்மா, அது நாய் திங்கறதும்மா" என்றேன்.

"ஆங், தெரியும் சாமி. பைரவர் வாயால குடுத்திருக்கறீங்க" என்றார்.

நான் அம்மாவிடம் திரும்பினேன். "பேசிட்டேம்மா. வேண்டுதல் போச்சு."

பால்குடத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீ எங்கடா பேசின? பேசினது அவன். காவடியும் கீழ படல. உனக்கு இன்னா தெரியும், நீதான் உன் நெனப்புலயே இல்லியே." சொல்லிக்கொண்டே ஒரு கையால் துணியை மேலே இழுத்து என் வாயை மூடினாள்.

துணிக்குள்ளே நான் யோசித்துப் பார்த்தேன். வந்தது சாமி என்றால் வேண்டுதல் முடிந்தது. சாமி இல்லை என்றால் அடுத்த ஆடியில் மறுபடியும் மஞ்சள் துணி. நியாயம் கேட்காமல், பாவாவின் தோளிலிருந்து காவடியை வாங்கிக்கொண்டு மலை ஏறினேன்.

லட்டுவுக்கு ஒரு கேடும் இல்லை. மறுநாள் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, தொண்டையில் கீறல்தான், சில நாள் தயிர்சாதம் போதும் என்றார். ஊசி எனக்குத்தான், விரலில் பல் பட்டிருந்ததால். ஆர்.கே.பேட்டை அம்மாவின் பெண்ணுக்குத் தை மாதம் திருவாலங்காட்டில் கல்யாணமாகிவிட்டது. பால்குச்சி அவர்கள் பூஜை அறையில் குங்குமம் வைத்து இருக்கிறதாம். அவர் ஒவ்வோர் ஆடிக்கும் பழத்தட்டோடு வந்து, என் முன்னால் கண்ணை மூடி வாயைத் திறக்கிறார். நானும் திருநீறு போடுகிறேன். வீட்டில் யார் மாத்திரை விழுங்கினாலும் பாவா ஒற்றைக்காலில் நின்று "வாயத் தொற" என்கிறார்.

உண்மை தெரிந்தவள் ரேவதி ஒருத்திதான். அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் ராத்திரி சாப்பாட்டில் நான் பேசிக்கொண்டே போனால், சாம்பாரை ஊற்றியபடி உள்ளே பார்த்து, "அத்தே, அன்னிக்கு இவருக்கு சாமி வந்துச்சே" என்று ஆரம்பிப்பாள்.

நான் வாயை மூடிக்கொள்வேன்.