ஒரு ராத்திரிக்கு மட்டும் அணைக்கவும்

நெட்டுக்குப்பம் கடற்கரையில் நிற்கும் அந்த உயரமான விளக்குக் கம்பத்தைப் பார்த்ததிலிருந்து லியாகத் அலிக்குச் சோறு இறங்கவில்லை. உச்சியில் ஆறு விளக்குகள், ஒவ்வொன்றும் அண்டா அளவு. ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் இடம் பார்க்கப் போனவர், வெயிலில் நின்றபடியே அவற்றை எண்ணி, "போச்சுடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வண்ணாரப்பேட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்கிறவருக்கு விளக்கின் மேல் என்ன கோபம் என்று கேட்கலாம். ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். இவருக்குக் கேமரா வந்தது. கரையில் ஒரு படகு, அதற்கு மேலே வானம் முழுக்கப் பால்வீதி, அப்படி ஒரு படம் எடுத்தே தீருவது என்று பிடிவாதம். அதற்கு அமாவாசை வேண்டும், கும்மிருட்டு வேண்டும். துறைமுகமும் அனல் மின் நிலையமும் சூழ்ந்த வட்டாரத்தில் கும்மிருட்டைத் தேடுவது, மீன் சந்தையில் மல்லிகை வாசம் தேடுகிற கதைதான்.

இதற்கு முன் எடுத்த படத்தை மனைவி மலிகாவிடம் காட்டியிருந்தார்.

"இன்னாங்க இது, தரை தொடைச்ச துணியா?"

"வானம் மலிகா!"

"அப்ப நல்லாத் தொவைச்சுக் காயப் போடுங்க."

அதோடு விடாமல் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். இந்த அமாவாசைதான் கடைசி. உருப்படியாக ஒரு படம் வராவிட்டால் கேமரா அவள் தம்பி அத்தாவுல்லாவுக்கு. கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும் அத்தாவுல்லாவோ, அந்தக் கேமராவை நம்பி அமாவாசைக்கு மறுநாளே ராயபுரத்தில் ஒரு நிக்காஹ்வுக்கு ஒத்துக்கொண்டுவிட்டான். மச்சான் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

லியாகத் அலி கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லென்ஸைத் துடைப்பதற்கென்றே புதுப் பட்டுப்புடவையில் ஒரு முழம் கிழித்து வைத்திருக்கிற மனுஷன் அவர்.

அமாவாசையன்று காலையிலேயே சிவந்திக்குப் போன் போட்டார். சிவந்தி நெட்டுக்குப்பத்து மீன்காரப் பெண்களின் சங்கத் தலைவி. திருவிழாவுக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை எடுக்க வருஷா வருஷம் அவர் கடைக்குத்தான் வருவாள்.

"சிவந்திம்மா, உங்க கரையில ஒரு பெரிய லைட்டுக் கம்பம் கீதே, அத்த இன்னிக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் அணைக்க முடியுமா?"

மறுமுனையில் குபீரென்று சிரிப்பு. பக்கத்தில் யாரிடமோ அவள் சொல்ல, அவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"பாய், நீ இவ்ளோ தமாஷா பேசுவேன்னு தெரியாம பூட்ச்சே! ஆபீஸ் நம்பர் தரேன், அங்க கேளு. என்னாண்ட கேட்ட மாதிரியே கேளு, ஒரு வார்த்தை மாத்தாத."

விளக்குகளைக் கவனிக்கும் அந்த அலுவலகத்தில் போனை எடுத்தவர் முதலில் கொட்டாவி விட்டார்.

"சார், நெட்டுக்குப்பம் கரையில கீற லைட்டை ஒரு ராத்திரிக்கு மட்டும் அணைச்சு வெக்கணும். உங்களுக்குப் புண்ணியமா போவும்."

கொட்டாவி பாதியில் நின்றது. "காலங்காத்தால நக்கலா சார்?"

"சேச்சே, பணிவாத்தான் கேக்கறேன். போட்டோ எடுக்க வரேன். பெரிய கேமரா."

"எடுத்து?"

"எல்லாருக்கும் அனுப்புவேன். நல்லா வந்தா பேப்பருக்கும்."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "சாயங்காலத்துக்குள்ள ஏற்பாடு பண்ணிடறோம் சார்!"

லியாகத் அலிக்கு வாயெல்லாம் பல். ஒரே போனில் காரியம் முடிகிறதே, நாடு எங்கேயோ போய்விட்டது என்று பூரித்தார். பூரித்ததோடு நின்றிருக்கலாம். மதியம் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை பெரிய அதிகாரியே எடுத்தார்.

"சார், கம்பம் மட்டும் போதாது. கரைக்கு வர்ற தெருவுல கீற லைட்டுங்களும்..."

"தெருவுமா? கொஞ்சம் கருணை காட்டுங்க சார். நான் குடும்பஸ்தன்."

"நானும் குடும்பஸ்தன்தான் சார். அதனாலதான் இந்தக் கெஞ்சு கெஞ்சறேன்."

அதிகாரி அழாத குறையாகச் சரி என்றார்.

சாயங்காலம் மூட்டை கட்டினார் லியாகத் அலி. கேமரா, முக்காலி, பட்டுத்துணி. மலிகா தன் பங்குக்கு ஃபிளாஸ்க் நிறைய டீயும், கொசுவத்தியும், குரங்குக் குல்லாவும் வைத்தாள். சென்னைக் கடற்கரையில் குளிரில் விறைத்துவிடுவார் அல்லவா! அத்தாவுல்லா தன் காரோடு வந்தான். தோளில் ஒரு கேமராப் பை தொங்கியது.

"இன்னாத்துக்குடா காலிப் பை?"

"வர்றப்ப காலியா இருக்காதே மச்சான்."

மக்ரிப் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, நெட்டுக்குப்பத்தை நெருங்கியபோது அத்தாவுல்லா கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"மச்சான், இன்னா இது, பகலாட்டம் கீது?"

தெரு விளக்குகள் வரிசையாக எரிந்தன. கரையில், அந்தக் கம்பத்தின் உச்சியில், ஆறு அண்டாக்களும் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. அதற்குக் கீழே பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏணி வைத்த லாரியின் பக்கத்தில் வியர்த்து நின்ற அதிகாரி ஓடிவந்து காரின் கதவைத் திறந்துவிட்டார்.

"எடுங்க சார், ஆசை தீர எடுங்க! எல்லாமே எரியுது!"

லியாகத் அலி அண்ணாந்து பார்த்தார். பால்வீதியை விடுங்கள், வானமே காணோம். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அத்தாவுல்லா காலிப் பையின் ஜிப்பைத் திறந்தான்.

சிவந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினாள். பெண்கள் கை தட்டினார்கள்.

"சிவந்திம்மா, நான் அணைக்கத்தானே சொன்னேன்!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"போன மழைல அவிஞ்சி பூட்ட லைட்டு பாய் இதெல்லாம்! எத்தினி மனு குடுத்தோம், ஒருத்தன் திரும்பிப் பாக்கல. எரியாத லைட்ட அணைச்சு வையின்னு நீ பணிவா கேட்ட பாரு, அந்த நக்கலத் தாங்க முடியாமத்தான் ஏணியத் தூக்கிகினு ஓடியாந்தானுங்க!"