பதினைந்து விநாடி மௌனத்துக்கு யோசனை சொன்னவன்

தேஜோன்,
செவ்வாய்க்கிழமை

பாசமும் கண்டிப்பும் சரிசமமாக உள்ள என் அக்கா பியோ ஓக்ரான் அவர்களுக்குத் தம்பி சாங்சிக் தலைகுனிந்து எழுதுவது. மழை நின்று உங்கள் மொக்போவில் புழுக்கம் தாங்கவில்லை என்று செய்தியில் பார்த்தேன். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? நீ அனுப்பிய கிம்ச்சி ஊறுகாய் தீர்ந்துவிட்டது. டப்பாக்களைக் கழுவி வைத்திருக்கிறேன், இந்தக் கடிதம் அவற்றோடு வரும். போனில் சொல்லலாமென்றால் நீ, "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரியா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டு, பதில் வருமுன் வைத்துவிடுகிறாய்.

நீ பார்த்து வைத்திருக்கும் அந்த மருந்துக்கடைப் பெண் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட வேண்டிய செய்தி. புதனும் வியாழனும் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு நாடகம் பார்க்கிறாயே, அட்டைப்பெட்டிக் கம்பெனிக் காதல், அதை எடுத்தது எங்கள் ஆபீஸில்தான். சியோல் முழுக்கத் தேடிக் களைத்த இயக்குநர் அம்மா, எங்கள் கூரைக் கறையையும் மேசைக்கடியில் பின்னிக் கிடக்கும் ஒயர்களையும் பார்த்து, "இவ்வளவு நிஜமான ஆபீஸை நான் பாத்ததே இல்ல" என்று கண்கலங்கிவிட்டார். பத்தொன்பது வருஷமாக அந்த ஒயர்களுக்குப் பொறுப்பு யார்? பொதுப்பிரிவு மேலாளராகிய உன் தம்பி.

அதோடு நிற்கவில்லை. முதல் நாளே அந்தக் கதாநாயகன் மேசை விளிம்பில் உட்கார்ந்திருக்க, கதாநாயகி குதிகால் செருப்போடு டக்டக்கென்று நடந்து வந்து அவன் மேல் தடுக்கி விழுந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, கையைத் தூக்கிவிட்டேன். ஆபீஸுக்குள் யார் அக்கா குதிகால் போடுகிறார்கள்? எல்லாரும் ரப்பர் செருப்புதானே. "அப்ப நிஜமா எப்படி சார் இருக்கும், நீங்களே சொல்லுங்க" என்றார் இயக்குநர் அம்மா. சொன்னேன். மொட்டைமாடியில் பூங்கொத்தோடு நடக்க இருந்த காட்சியை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸே பல் தேய்க்க நிற்கும் வரிசைக்கு மாற்றினேன், இரண்டு பேர் வாயிலும் நுரையோடு. காதலர்கள் ஒரே பஸ்ஸில் வந்தாலும் ஒருவர் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பார், கம்பெனி விருந்தில் மேசையின் இந்த மூலைக்கு ஒருவர், அந்த மூலைக்கு ஒருவர் என்று உட்காருவார்கள் என்றேன். "எல்லாத்துக்கும் மேல மரியாதைதாம்மா. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா சக ஊழியர். 'சாப்பிட்டியா'ன்னு வாய் தவறிச்சுன்னா கதை முடிஞ்சது" என்றேன். அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு தெரியும்?" என்று கேட்டார். "எல்லாம் கவனிப்புதான்" என்றேன். அப்போது கணக்குப் பிரிவின் துணை மேலாளர் தோ யோன்மி அவர்களுக்குக் காப்பி மூக்கில் ஏறி ஒரே இருமல். நல்ல பெண்மணி. என் ரத்த அழுத்தத்துக்கு பார்லித் தண்ணீர் நல்லதென்று தினமும் ஒரு குடுவை கொண்டுவந்து வைப்பவர். ஆபீஸ் நலனில் அவ்வளவு அக்கறை.

இதில் என் மகுடம் எது தெரியுமா? நகலெடுக்கும் மெஷின் பக்கத்தில் கதாநாயகன் ஒரு பக்கம் வசனம் பேச வேண்டியிருந்தது. "ஆபீஸ்ல காதலிக்கிறவன் பேச மாட்டாம்மா. பேப்பர் வர்ற வரைக்கும் சும்மா நிப்பான்" என்றேன். வசனத்தையே வெட்டிவிட்டார்கள். பதினைந்து விநாடி சுத்த மௌனம். பின்னால் நிஜ ஊழியர்களாக நாங்களே உட்கார்ந்திருந்தோம். "தினமும் இருக்கற மாதிரி இருங்க, உங்க குரல் மைக்ல விழாது" என்றார்கள். வியாழக்கிழமை அதுதான் வருகிறது. தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன், உனக்கும்தான்.

இனி ஞாயிறு. எனக்கு யாராவது இருக்கிறார்களா என்று சந்தேகப்படுகிறாய். யாருமில்லை அக்கா. எங்கள் கம்பெனித் தலைவருக்கு ஆபீஸ் காதல் ஆகாது. போன முறை பிடிபட்ட ஜோடியில் ஒருவரைத் தூரத்துக் கிம்ஹே தொழிற்சாலைக்குத் தூக்கி அடித்தார். பத்தொன்பது வருஷத்தில் இங்கே ஒருவரையும் நான் 'நீ' என்று சொன்னதில்லை, அது என் கௌரவம். ஞாயிறன்று சரக்கிருப்பு எடுக்கிற வேலை இருப்பதால் வர முடியாது. வராவிட்டால் கிம்ச்சி கிடையாது என்று சொன்னாயே, தம்பியைப் பட்டினி போட மாட்டாய் என்று நம்புகிறேன்.

மாமாவுக்கு முழங்கால் வலி குறையட்டும், உன் கோபமும் குறையட்டும்.

என்றும் உன் தம்பி,
பியோ சாங்சிக்

பி.கு. இன்று வெள்ளிக்கிழமை. கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. நேற்றிலிருந்து இருபத்திரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாய், எடுக்கத் தைரியம் வரவில்லை. ஆமாம் அக்கா, அந்தப் பதினைந்து விநாடி மௌனத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், "மாத்திரை போட்டியா? மறந்துட்டேன்னு சொன்னே, கொன்னுடுவேன்" என்று கேட்டதே, அது யோன்மியின் குரல். நாங்கள் பழக ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. தவளை தன் வாயால் கெடுமாம், உன் தம்பி ஊரைச் சும்மா இருக்கச் சொல்லிக் கெட்டான். இயக்குநர் அம்மாவுக்குப் போன் செய்தால், "நாடகத்துலயே நிஜமான வசனம் அது ஒண்ணுதான் சார், எப்படி வெட்டுறது?" என்கிறார்.

காலையில் தலைவர் எல்லாரையும் கூட்டி, அடுத்த மாதம் முதல் நான் கிம்ஹேயில் என்று சொல்லிவிட்டார். யோன்மி பார்லித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, "மாத்திரை போட்டீங்களா மேலாளர் அவர்களே?" என்றாள். கிம்ஹே வலிக்கவில்லை அக்கா, அந்த 'அவர்களே'தான் வலித்தது. தலைவர் பார்க்க, நாற்பது பேர் பார்க்க, "போட்டேன் யோன்மி. நீ சாப்பிட்டியா?" என்றேன்.

மருந்துக்கடைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. ஞாயிறன்று சரக்கிருப்பு வேலை எதுவும் இல்லை, வருகிறேன், இரண்டு பேராக, ஒரே பஸ்ஸில், ஒரே நிறுத்தத்தில் இறங்கி. உன்னை அண்ணி என்று கூப்பிடலாமா என்று கேட்கச் சொன்னாள்.