மேடையில் ஆறு சிஸ்டர்கள், வார்டில் ஒருவருமில்லை

எனக்குப் பதவி ஆசை உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். பள்ளியில் கிளாஸ் லீடர், காலனியில் பொங்கல் விழாச் செயலாளர், கல்யாண வீட்டில் பந்தி மேற்பார்வை என்று எங்கே ஒரு பேட்ஜ் கிடைத்தாலும் சட்டையில் குத்திக்கொள்கிற ஜென்மம் நான். அப்படிப்பட்டவனை இருபத்தொன்பது வயதில் மருத்துவ நிர்வாகிகள் சங்கத்தின் அந்தமான் கிளைக்குச் செயலாளர் ஆக்கினால்? தலைகால் புரியவில்லை. (போட்டியிட்டு ஜெயித்தேன் என்று நினைக்காதீர்கள். கூட்டத்துக்கு டீ சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.)

அப்போது போர்ட் பிளேரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருந்தேன். கிளையில் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள், ஒன்பதும் 'சார்'கள். தலைவர் சாருக்கு எழுபதை நெருங்கும் வயது. வரவேற்புரை என்று ஆரம்பித்தால் நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து உட்கார மாட்டார்.

மெயின்லேண்டிலிருந்த தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இதுவரை தலைமைப் பொறுப்புக்கு வராத பெண்கள், செவிலியர், பழங்குடியினர் ஆகியோரை முன்னுக்குக் கொண்டுவர ஒவ்வொரு கிளையும் கூட்டம் நடத்த வேண்டும். சிறப்பு விருந்தினராக ஒரு பெண் டாக்டர் விமானத்தில் வருவார். சென்னையில் மூன்று மாதத் தலைமைப் பயிற்சி இருக்கிறது, கிளைக்கு ஒருவர். அந்த ஒருவரின் பெயரை உறையிலிட்டு, கூட்டத்தன்று டாக்டரம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

கடிதத்தை நோட்டீஸ் போர்டில் குத்திய அரைமணியில் மார்த்தா தீதி (தீதி என்றால் இந்தியில் அக்கா) விண்ணப்பத்தோடு வந்து நின்றார். எங்கள் மருத்துவமனையின் மூத்த வார்டு இன்சார்ஜ். கார் நிக்கோபார் தீவின் நிக்கோபாரிப் பழங்குடிக்காரர். மதுரையில் நர்சிங் படித்ததால் தமிழ் நன்றாக வரும். அவசரமென்றால் இந்தி வரும். கோபம் வந்தால் பேச்சே வராது, வெறும் பார்வைதான்.

"சார், இந்த டிரெய்னிங்குக்கு நான் போகணும். இத முடிச்சாதான் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் போஸ்ட்டுக்குக் கேக்கவே முடியும்."

"அடுத்த வருஷம் பார்க்கலாம் சிஸ்டர். நீங்க போயிட்டா வார்டு என்ன ஆகிறது?"

"நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் சார் எடுப்பாங்க. எனக்கு நாப்பத்திநாலு முடியப் போகுது."

"அப்படியா? பார்ப்போம், பார்ப்போம்" என்று விண்ணப்பத்தை வாங்கி மேசை டிராயரில் போட்டேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. உறையிலிட வேண்டிய தாளில் என் பெயரை எழுதினேன். ஆமாம், என் பெயரைத்தான். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன்: தீவுக்காரர்களை மெயின்லேண்டில் யார் மதிக்கிறார்கள்? நானும் தீவில் பிறந்தவன். ஆகவே நானும் இதுவரை முன்னுக்கு வராதவன். (அப்பா இராமநாதபுரத்திலிருந்து வந்து மின்துறையில் வேலை பார்த்து, என்னை எம்.பி.ஏ. வரை படிக்கவைத்திருந்தார். அதை வசதியாக மறந்துவிட்டேன்.)

இனி கூட்டம். எங்கள் ஊரில் எந்த விழாவானாலும் ஒரு வழக்கம் உண்டு. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர், நிக்கோபாரி என்று ஆளுக்கொருவரைப் பிடித்து, அவரவர் உடுப்பில் வரிசையாக நிறுத்தி, 'மினி இந்தியா' என்று கை தட்டிவிடுவோம். குடியரசு தினத்துக்கு அது சரி. நான் அதையே தலைமைக் கூட்டத்துக்கும் செய்தேன். அறிக்கையில் 'இன்சார்ஜ்' என்ற பதவிப் பெயர் வந்தால் கனமாக இருக்குமே என்று, ஆறு வார்டுகளின் இன்சார்ஜ்களையும் தேர்ந்தெடுத்தேன். ஆறு பேரும் ஒரே மத்தியானம் மேடைக்கு வரும்படி டியூட்டி ரோஸ்டரை மாற்றிக் கையெழுத்தும் போட்டேன். புத்தி எங்கே போயிருந்ததோ!

தெற்கு அந்தமானின் வண்டூரில் பிறந்த சிந்து, மலையாளியாக நிற்பதற்காகக் கசவுப் புடவையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "சார், நான் கேரளாவப் பார்த்ததே இல்ல. இந்தப் புடவைகூட இரவல்."

"அதெல்லாம் யார் கேட்கப் போறாங்க? சிரிச்சமாதிரி நில்லும்மா."

மார்த்தா தீதி மட்டும் வெள்ளை யூனிஃபார்மில் வந்தார். "உங்க டிரெஸ்ல வரச்சொன்னேனே சிஸ்டர்?" என்றேன். "இதுதான் சார் என் டிரெஸ். பதினெட்டு வருஷமா" என்றார். பூங்கொத்துத் தட்டை அவர் கையில் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னேன். எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவைத்தேன். கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா?

கூட்டம் மருத்துவமனையின் மூன்றாவது மாடி ஹாலில். மேடையில் பத்து நாற்காலிகள்: டாக்டரம்மாவுக்கு ஒன்று, ஒன்பது சார்களுக்கு ஒன்பது. சிஸ்டர்கள் ஆறு பேரும் பின்னால் நின்றார்கள். தலைவர் சார் தம் நாற்பது நிமிடத்தை முடித்ததும் மைக் என் கைக்கு வந்தது. இரவல் கோட்டு, மூன்று நாள் மனப்பாடம். விடுவேனா?

"இத்தனை காலம் இவர்களின் குரலை நாம் கேட்கவில்லை..."

"சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மார்த்தா தீதி. "சார், கீழ வேன் சத்தம்."

நான் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தேன். "இவர்கள் பேசினால் நாம் நின்று கேட்க வேண்டும்..."

"சார், காஷுவால்டியில ஆளுங்க கத்துறாங்க. ஏக் மினிட் சார்..."

"இருங்க சிஸ்டர், உங்களுக்காகத்தானே பேசிக்கிட்டிருக்கேன்!"

மைக்கில் அது கணீரென்று கேட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது காஷுவால்டியின் ஜூனியர் டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "புரோத்ராபூர் கல்யாணப் பார்ட்டி சார்! இருபத்திமூணு பேர், எல்லாருக்கும் வாந்தி, பேதி! மருந்து அலமாரி பூட்டிக் கிடக்கு. சாவி யார்கிட்ட? எந்த வார்டுலயும் இன்சார்ஜ் இல்ல. ஒருத்தரும் போன் எடுக்க மாட்டேங்கறாங்க!"

ஆறு சிஸ்டர்களின் கைகளும் ஒரே நேரத்தில் இடுப்புக்குப் போயின. ஆறு சாவிக்கொத்துகள் வெளியே வந்தன. அந்த மருத்துவமனையை நடத்திக்கொண்டிருந்த அத்தனை பேரையும் காட்சிப் பொருளாக நான் மாடியில் நிறுத்தியிருந்தேன்.

மார்த்தா தீதி பூங்கொத்துத் தட்டைத் தலைவர் சாரின் மடியில் வைத்தார். என் கையிலிருந்து மைக்கை எடுத்தார். பிடுங்கவில்லை, குழந்தை கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்குகிற மாதிரி எடுத்தார்.

"சிந்து, மருந்து அலமாரி. மத்த நாலு பேரும் டிரிப் ஸ்டாண்டு எல்லாத்தயும் கீழ கொண்டு வாங்க. சார் லோக், நீங்க யாரும் லிஃப்ட்ல ஏறாதீங்க, ஸ்ட்ரெச்சர் வரணும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பக்கெட்."

"எனக்கு அதெல்லாம் பழக்கம்..."

"ஜல்தி!"

இரண்டு மணி நேரம் பக்கெட் பிடித்தேன். என் பங்குக்கு வாய்த்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், நல்ல ஆகிருதி. கோட்டின் வலது கையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். பட்டும் கசவுமாக சிஸ்டர்கள் டிரிப் ஏற்ற, கல்யாண வீட்டார் பாதி மயக்கத்தில் அவர்களையும் சொந்தக்காரர்கள் என்றே நினைத்தார்கள். ஒரு பாட்டி சிந்துவிடம், "நீ பொண்ணு வீடா?" என்று கேட்டது. டாக்டரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மார்த்தா தீதி சொன்ன படுக்கைக்கெல்லாம் போய்ப் பார்த்தார். தலைமையுரையை அன்றைக்கு யாரும் தேடவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள். கை கழுவிக்கொண்டு வந்த டாக்டரம்மா, "அந்தக் கவர்?" என்றார்.

கோட்டுப் பையிலிருந்து எடுத்தேன். ஓரம் நனைந்திருந்தது. (தண்ணீர்தான் என்று நம்ப விரும்புகிறேன்.) பிரித்துப் பார்த்தவர், "இது உங்க பேராச்சே?" என்றார்.

"இல்ல மேடம், அதாவது... நானும் தீவுக்காரன்தானே..."

பக்கத்தில் மார்த்தா தீதி நின்றுகொண்டிருந்தார். அந்தப் பார்வை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தரையைப் பார்த்தபடி, "அடுத்த வருஷம்னு சொன்னீங்களே சார்" என்றார். குரல் லேசாக உடைந்தது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

"அவங்க அப்ளை பண்ணியிருந்தாங்களா?" என்றார் டாக்டரம்மா.

நான் ஓடினேன். அலுவலகம் இரண்டாவது மாடி. டிராயரைப் பிடுங்கிய வேகத்தில் அது கையோடு வந்துவிட்டது. டிராயரோடு கீழே இறங்கினேன். ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்பு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, காஷுவால்டி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் இருந்த தாளை டாக்டரம்மாவே கிழித்து பக்கெட்டில் போட்டார்.

மார்த்தா தீதி சென்னை போனார், பயிற்சி முடித்தார், அடுத்த ஆண்டே சூப்பரின்டென்டென்ட் ஆனார். பிறகு கிளையின் தலைவரும் அவர்தான். இப்போது உறுப்பினர்கள் நாற்பது பேருக்கு மேல். ஷிப்ட் மாறுகிற நேரத்தில்தான் கூட்டம். துறைமுகத்துக்கு அக்கரையிலிருக்கும் பாம்பூஃப்ளாட் ஆட்கள் படகைப் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். நான் வெறும் உறுப்பினராகப் பின்வரிசையில் உட்காருகிறேன். பேட்ஜ்கூடக் கேட்கவில்லை, நம்புங்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்துப் போன மாதம் அதே பயிற்சிக்கு அழைப்பு வந்தது. நான் விண்ணப்பிக்கவில்லை, எந்த முகத்தோடு விண்ணப்பிப்பது? மார்த்தா தீதியே என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். நகல் வீட்டுக்குத் தபாலில் வந்தது. பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி சுமதி அதைக் கையிலிருந்து வாங்கி, கடைசியில் இருந்த 'பரிந்துரைப்பவரின் கருத்து' என்ற கட்டத்தை உரக்க வாசித்தாள்:

"நல்லவர். சொன்ன வேலையைச் செய்வார். மைக் கொடுக்க வேண்டாம்."

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் நான் தொண்டையைச் செருமினால் போதும், என் மகள் சாம்பார்க் கரண்டியை நகர்த்தி என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிடுகிறாள்.