குளிர்ப்பனைக் கழகத்தின் மத்தியானத் தண்ணீர்

பனிப்பொழிவைத் தாங்கி நிற்கும் பனைமரம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இல்லையே என்ற பெருங்குறை, யாருக்கும் தெரியாமலேயே நெடுங்காலம் இருந்துவந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் தீர்த்துவைத்தவரும் பொன்னமராவதி நாச்சியப்பன் அவர்களே. மகன் வீட்டுக்கு லண்டன் போன இடத்தில், பக்கத்துத் தோட்டத்தில் தலையில் பனியோடு ஒரு பனை நிற்கக் கண்டார். ஊர் திரும்பியதும் 'குளிர்ப்பனை வளர்ச்சிக் கழகம்' பிறந்தது. தலைவர் அவரே. கன்றுகள் விமானத்தில் வந்தன.

தாவரவியல் படித்த பரிமளா 'ஆய்வு அலுவலர்' ஆனாள். அவளுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அந்தத் தகுதிக்காகவே எடுத்ததாகத் தலைவர் பெருமையாகச் சொல்வார். தண்ணீர் ஊற்ற முத்துமாரியம்மாள்.

மரத்தோடு வந்த கையேடுதான் கழகத்தின் சட்டம். குளிர்காலத்தில் நடுப்பகலில் மட்டுமே தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரவில் வேரில் உறைந்துவிடும் என்று அது எச்சரித்தது. தண்டைச் சாக்கால் போர்த்தவும் சொன்னது. நம் ஊரில் குளிர்காலம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாகையால், கழகம் ஆண்டு முழுவதும் விழிப்போடு இருந்தது. சித்திரை வெயிலில் பனைகள் முந்திரிக்கொட்டைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றன. முத்துமாரியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உச்சிவேளையில் டியூப்பை இழுத்தபடி அவற்றுக்கு நடுவே நடந்தாள். தலை சுற்றினால் சற்று உட்கார்ந்து எழுந்தாள்.

மாதக் கூட்டத்தில் பரிமளா எழுந்து நின்றாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பாதிப் பேச்சு.

“காலையில வெள்ளென ஊத்தலாங்க சார். இந்த வெயில்ல அந்தக்கா விழுந்துருவாங்க.”

“ராத்திரி ஒறைஞ்சு போச்சுன்னா?” என்று கேட்டார் தலைவர்.

“இங்கிட்டு ஒறையாதுங்க சார்.”

“இதுவரைக்கும் ஒறையல. ஏன் ஒறையல? மத்தியானம் ஊத்துறதால.”

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஓலைகள் கருகுவது பற்றியும் விரிவாக ஆராயப்பட்டது. அது குளிரின் 'தொடக்க அறிகுறி' என்று முடிவாகி, மரத்துக்கு இன்னொரு சாக்கு அனுமதிக்கப்பட்டது. குளிரால் இன்றுவரை ஒரு மரமும் சாகவில்லை என்ற சாதனையைப் பாராட்டி முந்திரி பக்கோடா வழங்கப்பட்டது.

மறுநாள் மத்தியானம் முத்துமாரியம்மாள் விழுந்தாள்.

டியூப் தண்ணீர் அவள் மேலேயே பாய்ந்துகொண்டிருந்தது. பரிமளா அவளைத் தாங்கிக் கொண்டுவந்து தலைவரின் ஏசி அறையில் படுக்கவைத்தாள். என்ன ஆயிற்று என்று தலைவர் கேட்டார். வெயில் என்றாள். அவர் கையேட்டைப் புரட்டினார். வெயிலுக்கு அதில் பக்கமே இல்லை. கழகம் கையைப் பிசைந்தது.

சற்று நேரத்தில் முத்துமாரியம்மாள் கண் விழித்தாள். ஈரச் சேலையில் ஏசிக் காற்று பட்டு வெடவெடவென்று நடுங்கினாள். தலைவர் முகம் மலர்ந்தது.

“குளிரு. நான் அப்பயே சொன்னேன்ல? சாக்கு கொண்டாங்க.”

சாக்கு வந்தது. அவரே தம் கையால் போர்த்திவிட்டார்.

“அக்காவுக்குச் சாக்கு வேணாங்க சார்,” என்றாள் பரிமளா. “மத்தியானந்தான் வேணாம்.”

“மரம் தாங்கலைன்னா நேரத்தை மாத்தலாம்மா. ஆளு தாங்கலைன்னா ஆளைத்தான் மாத்தணும்.”

முத்துமாரியம்மாள் சாக்கை மடித்து அவர் மேசைமேல் வைத்தாள். “நீங்க மாத்த வேணாங்கய்யா. நானே மாறிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வாசல் வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள்.

தலைவர் அசரவில்லை. வரலாறு முக்கியம். தீர்மான நோட்டை எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் பரிமளா எழுதினாள்: 'குளிரைத் தாங்காமல் இக்கழகத்தை விட்டு வெளியேறிய முதல் உயிர், முத்துமாரியம்மாள்.'

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். பரிமளா 'குளிரை' என்பதை அடித்துவிட்டுத் 'தலைவரை' என்று எழுதினாள். அடுத்த வரியில் இரண்டாவது உயிராகத் தன் பெயரைச் சேர்த்து, நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கண்ணாடி கிடைக்கவில்லை. தலைவர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்திட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.