ரிஜெக்ட் சாரின் இன்டர்வியூ போர்டு

இந்த உலகத்தில் என்னை அதிக தடவை வேண்டாம் என்று சொன்னவர் ரிஜெக்ட் சார்தான். பின்னாளில் பெண் பார்க்கப் போன வீடுகளும் பத்திரிகை ஆசிரியர்களும் எவ்வளவோ முயன்று பார்த்தார்கள். அவரை நெருங்க முடியவில்லை. ஒரே குளிர்காலத்தில் பத்தொன்பது தடவை. இத்தனைக்கும் கொடுப்பதற்கு அவரிடம் ஒரு வேலையும் கிடையாது.

எழுபதுகளின் கடைசி. தெற்கு டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். முடித்துவிட்டு முனிர்காவில் ஒரு மாடி அறையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். கூட இருந்த இருவரும் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். காலையில் பால் பூத்தில் “ஆதா லிட்டர், பையா” என்று அரை லிட்டர் பால் கேட்பதுதான் பல நாள் நான் பேசிய ஒரே வாக்கியம்.

மேல்படிப்பு மாணவர்களுக்கு வேலைக்கு வழிகாட்டவென்று பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவு இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ரிஜெக்ட் சார் அங்கே உதவியாளர். அவருக்கு மேலே மூன்று அதிகாரிகள் இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வேலை தேடித் தரவேண்டிய அந்த இடத்தில் அந்த மூன்று பதவிகளும் வருஷக்கணக்காகக் காலி. பேப்பரில் வரும் வேலை விளம்பரங்களை வெட்டிப் பலகையில் ஒட்டுவது அவர் உத்தியோகம். ஆனால் பேப்பர் பல்கலைக்கழகத்தின் மற்றப் பிரிவு அதிகாரிகளின் மேஜைகளையெல்லாம் சுற்றிவிட்டு அவரிடம் வந்து சேரும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும். முடிந்தால் என்ன, நேராக, மடிப்பில்லாமல் ஒட்டுவார்.

நான் போன முதல் நாள், மாதிரி இன்டர்வியூ வைப்பதாகச் சொன்னார். யாரும் சொல்லி அவர் செய்ததில்லை, அவராகவே ஆரம்பித்தது. கதவருகே ஆணியில் மெரூன் நிற டை ஒன்று முடிச்சுப் போட்டபடியே தொங்கியது. அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, வெளியே போய், கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும். வந்தேன். இல்லாத அந்த மூன்று அதிகாரிகளுக்கான நாற்காலிகளும் மேஜைக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. நடு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

நடு நாற்காலியில் இருக்கும்வரை அவர் சேர்மன். குழைவான இங்கிலீஷில் நலம் விசாரிப்பார். பிறகு எழுந்து இடது நாற்காலிக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிபுணராகி என் ஆராய்ச்சியைக் கிழிப்பார். வலது நாற்காலிக்காரர் தூங்குபவர். திடீரென்று விழித்து, பஞ்சாபில் எத்தனை ஆறு என்பார். ஒருநாள் சேர்மனுக்கும் நிபுணருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. இரண்டு நாற்காலிக்கும் நடுவே மாறி மாறி உட்கார்ந்து அவருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் நான்தான் சமாதானம் செய்துவைத்தேன்.

இன்டர்வியூ முடிந்ததும் இங்கிலீஷ் போய்த் திருநெல்வேலி வந்துவிடும். “நீரு உக்காந்த லட்சணமே சரியில்ல வே. நாளைக்கு மூணு மணிக்கு வாரும்.”

அதோடு விடமாட்டார். ‘தங்களைத் தேர்ந்தெடுக்க இயலாததற்கு வருந்துகிறோம்’ என்று இங்கிலீஷில் டைப் அடித்து, உறையில் போட்டு, முனிர்கா முகவரிக்குத் தபாலில் அனுப்புவார். கடிதங்கள் வந்து குவிவதைப் பார்த்து வீட்டுக்கார ஜாட் தாத்தா கலங்கிப்போனார். இந்தியாவில் ஒரு கம்பெனி பாக்கியில்லாமல் என்னைத் துரத்தியடிக்கிறது என்று நினைத்து, கடிதம் வரும் நாளெல்லாம் ஒரு பெரிய தம்ளர் மோர் கொடுத்தனுப்பினார். அது ஒரே ஆளின் கைவேலை என்று நான் சொல்லவில்லை. மோர் நன்றாக இருந்தது. தவிர, அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கடிதம் போட வேறு யாரும் இல்லை.

டிசம்பர் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் பத்து நாள் விடுமுறை. மூன்றாம் நாள் பிற்பகல் என் அறைக் கதவு தட்டப்பட்டது. கோட்டும் மஃப்ளருமாக ரிஜெக்ட் சார். சரோஜினி நகரில் யாருடைய குவார்ட்டர்ஸிலோ ஒரு தடுப்பறையில் குடியிருந்தவர், அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குளிர் ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. கேள்வி கேட்காமல் ஒரு மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை; எனக்கும் பதில் சொல்லித்தான் பழக்கம். அரைமணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். விடுமுறை எப்போது முடியும் என்று இருந்தது எனக்கு. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிப்ரவரியில் போபாலில் ஒரு கல்லூரி வேலைக்கு நிஜமான இன்டர்வியூ வந்தது, டெல்லியிலேயே. போர்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் தனித்தனி ஆட்களாக, அவரவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது. ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. பத்தே நாளில் உத்தரவு வந்துவிட்டது.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்குப் போனேன். வாய் திறப்பதற்குள் அவர் ஆணியைக் காட்டினார். டையை மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினேன். சேர்மன் நலம் விசாரித்தார். நிபுணர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, டெல்லிக்கு வெளியே வேலை கிடைத்தால் போகச் சம்மதமா என்று கேட்டார்.

“கெடச்சிடுச்சு சார். போபால்ல” என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன். அந்த அறையில், இன்டர்வியூ நடுவில், அது பெரிய ஒழுங்கீனம். அவர் எழுந்தார். கடிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தார். மடிப்பு மாறாமல் திருப்பிக் கொடுத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு போய் வலது நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்குபவராக நடிக்கிறாரோ என்று நினைத்தேன். பஞ்சாப் ஆறுகளைப் பற்றிக் கேள்வி வரவில்லை.

“எப்ப சேரணும்?” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு சார்.”

“அப்ப நாளைக்கு மூணு மணிக்கு வாரும்” என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் இரண்டே முக்காலுக்கே போய்விட்டேன். அறையைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். “வாரும், கொஞ்சம் நடப்போம்” என்றார். வெயில் இதமாக இருந்தது. வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டாவது சுற்றில், நான் ஒன்றும் கேட்காமலே, அம்பாசமுத்திரத்தில் தனக்கு ஒரு மகள் இருப்பதாகவும் அவள் பெயர் கோமதி என்றும் சொன்னார்.