கார்டு இல்லாதவன்

"கிரீன் கார்டு எங்க தம்பி?" என்றாள் மீன் ஆலையில் ஆள் எடுக்கும் மர்லீன்.

டவிட்டாவிடம் அது இல்லை. ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் மேசைமேல் வைத்திருந்தான். வேலையில் சேரச் சட்டப்படி அவை இரண்டும் போதும்.

அலாஸ்காவில் கோடை. இருட்டு வருவதில்லை, மூடுபனி மட்டும் வந்து போகும். விமானம் மாறி மாறி வந்த அசதியில், அந்த மீன் ஆலையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அவனுக்குத் தெரிந்தது. மறுநாள் சால்மன் படகுகள் வந்துவிடும். அதற்குப்பின் ஆள் எடுக்கமாட்டார்கள். ஊர் திரும்ப அவனிடம் டிக்கெட் இல்லை.

"எந்த ஊரு?"

"அமெரிக்கன் சமோவாங்க மேடம்."

"அப்ப கார்டு வேணுமே."

பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான். அமெரிக்கப் பாஸ்போர்ட்தான். மர்லீன் நிதானமாகக் கடைசிப் பக்கங்கள்வரை புரட்டினாள். இவர் அமெரிக்க நாட்டவர், குடிமகன் அல்லர் என்று அங்கே அச்சிட்டிருந்தது. பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆட்சியிலிருக்கும் அவன் தீவில் பிறக்கிறவர்களுக்கு அப்படித்தான். நாடு முழுக்க எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்.

"நீ குடிமகன் இல்லைன்னு உன் பாஸ்போர்ட்டே சொல்லுதுப்பா," என்றாள், துக்கம் விசாரிக்கும் குரலில்.

குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தான். வெளிநாட்டாருக்குத்தான் கிரீன் கார்டு, உங்களுக்குத் தர வழியில்லை என்றார்கள். அதை அப்படியே வந்து சொன்னான். அவன் பெயருக்கு நேரே 'கார்டு மறுக்கப்பட்டது' என்று மர்லீன் எழுதிக்கொண்டாள்.

வேலை தருவதில் பாரபட்சம் காட்டினால் புகார் சொல்ல, சாப்பாட்டு அறைச் சுவரில் அரசின் இலவச எண் ஒட்டியிருந்தது. அழைத்தான். பிறந்த ஊரைப் பார்த்து இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று கேட்பது குற்றம், நானே பேசுகிறேன் என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். பேசினாள். கண்ணாடிக்கு அப்பால் மர்லீன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் மீனைப்போல் திறந்து மூடியது.

பிறகு மேனேஜர் கார்டன் வெளியே வந்தார். தொப்பியில் சின்ன அமெரிக்கக் கொடி குத்தியிருந்தது.

"ஒருத்தன்கிட்ட மட்டும் கேட்டாத்தானே தப்பு? எல்லார்கிட்டயும் கேளு. பிறப்புச் சான்று, இல்லேன்னா கார்டு. காட்டாதவன் உள்ள வரக்கூடாது."

அதுவும் தப்புதான் என்று சொல்ல அந்தப் பெண் இப்போது போனில் இல்லை.

மத்தியானத்துக்குள் ஆலை நின்றுபோனது. அடுத்த தெருவில் பிறந்த வெல்டரிடம்கூடச் சான்று இல்லை. ஐஸ் இயந்திரம் மட்டும் யாருக்காகவோ ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் படகுத்துறையில் வரிசையாக உட்கார்ந்து பனியைப் பார்த்தார்கள். கனவுக்குள் கப்பலுக்குக் காத்திருப்பவர்கள்போல.

"உன்னால எங்க பொழப்பும் போச்சுடா," என்று டவிட்டாவைத் திட்டிவிட்டு, வெல்டர் தன் ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொடுத்தான்.

பனிக்குள்ளிருந்து படகுகளின் சங்கு கேட்டது. ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டன.

மீன் அழுகிவிடும், விட்டுவிடலாம் என்று மர்லீன் கெஞ்சிப் பார்த்தாள். கார்டன் மசியவில்லை. "நான் பிறந்த மண்ணு இது. முதல்ல நானே காட்டுறேன்."

குடும்பக் காகிதங்கள் அவருடைய அக்கா பிரிஜெட்டிடம் இருந்தன. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, என் பிறப்புச் சான்றை ஒரு படம் எடுத்து அனுப்பு."

"அதைக் கனடாவுலேருந்துல்ல வாங்கணும்," என்றாள் அக்கா. "எல்லை தாண்டி இங்க வந்தப்ப எங்க எல்லாருக்கும் கார்டு போட்டாங்கடா, நீ அம்மா மடியில தூங்கிட்டிருந்த, உன்னை யாரும் எண்ணலை."