லெஸ்டர் விம்பிளுக்கு ஒரு பூசை

கரோல் கொன்றுபோட்ட மனிதர் திங்கட்கிழமை காலை அவளுக்கே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

'நான்தான் லெஸ்டர் விம்பிள். இன்னும் சாகவில்லை.'

தி.நகர் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் அதை மூன்று முறை படித்தாள். அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் இருந்துவிட்டு ஊர் மறந்துபோன ஆட்களின் வாழ்க்கை வரலாற்றை ஒரு இணையதளத்துக்கு எழுதுவது அவள் வேலை. அந்த வேலை நிரந்தரமாகுமா என்பது இந்த வாரம்தான் தெரியும்.

விம்பிளைப் பற்றிக் கிடைத்தது கொஞ்சம்தான். மளிகைக்கடைக்காரர், இரண்டு முறை உறுப்பினர், நாய் வளர்க்க வரி கூடாதென்று பேசித் தோற்றவர். பக்கம் நிரம்பவில்லை. மந்தைவெளி சர்ச்சுக்காரர் யார் இறந்தாலும் இரங்கலுரை எழுதித் தரும் அப்பா ஆம்ப்ரோஸிடம் போய் நின்றாள்.

"தொண்ணூத்தி மூணு வயசா? போய்ச் சேர்ந்திருப்பாரும்மா" என்றவர், எல்லோருக்கும் எழுதுவதையே சொன்னார். ஏழைகளின் நண்பர், சமையலறையில் மனைவிக்கு உறுதுணை, அவர் பிரிவால் வாடும் மனைவி. கரோல் போன வாரமே அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி ஏற்றிவிட்டாள்.

இப்போது அப்பாவுக்கு போன் போட்டாள். "அப்பா, அந்தாளு உயிரோட இருக்காருப்பா!"

"மாதாவே! நேத்து அவருக்குப் பூசை வெச்சிட்டேனே!"

"யாரு கேட்டா உங்கள?"

"இரங்கல் எழுதிட்டு பூசை வைக்காம விடுவனா? ஃபாதர் மைக்ல பேரு படிச்சாரும்மா!"

கரோல் அவசரமாக இறந்த செய்தியை மட்டும் அழித்தாள். ஐந்தே நிமிடத்தில் மேலாளர் அஃப்தாப் கத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது? 'பிரிவால் வாடும் மனைவி'ன்னு கீது. பொண்டாட்டிய வுட்டு ஓடிப்புட்டாரா?"

கரோல் பதறிப்போய் அந்த வரியைத் தேடும்போதே அலுவலகத் தொலைபேசி அடித்தது. அஃப்தாப் ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் திருமதி விம்பிள். அதை எழுதினது யார்?" என்று ஆங்கிலத்தில் ஒரு கிழக்குரல். பின்னால் பாத்திரங்கள் தடதடவென்று உருண்டன. பாட்டி எதையோ தூக்கி எறிகிறாள் என்றே கரோல் நினைத்தாள். வேலை போனது போனதுதான்.

"நான்தான் மேடம். மன்னிச்சிடுங்க, மொத்தத்தையும் இப்பவே எடுத்துடறேன்!"

"ஐயோ, எடுத்துடாதே! செத்தவராவே இருக்கட்டும். அறுபது வருஷமா ஒரு தட்டு கழுவாத மனுஷன், நீ எழுதினதைப் படிச்சதுலேர்ந்து தினமும் பாத்திரம் தேய்க்கிறார்."